ஸ்கேன் ரிப்போர்ட்டில் வரும் ‘வி.ஆர்.’ எந்த வி.ஆர்.?

பத்து வருடங்களுக்கு மேலாக சி.டி. ஸ்கேன் அறையில் டெக்னீஷியனாக வேலை பார்க்கிறேன். “மூச்சை நல்லா இழுத்துப் பிடிச்சுக்கோங்க” என்று ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று எண்ணிப் பார்த்ததில்லை. போன மாதம் ஒரு பையன், தன் அப்பாவுக்கு எடுத்த இதய ரத்தக்குழாய் ஸ்கேன் ரிப்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தான். அதில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தான். ‘எம்.ஐ.பி., வி.ஆர். படங்கள் உருவாக்கிப் பார்க்கப்பட்டன’ என்பது அந்த வரி. (எம்.ஐ.பி. என்பது ஸ்கேனைத் திரையில் காட்டும் இன்னொரு முறை, அதை இப்போதைக்கு விட்டுவிடலாம்.)

“அண்ணா, எங்கப்பாவுக்கு வர்ச்சுவல் ரியாலிட்டியில பார்த்திருக்காங்களா? அந்தக் கண்ணாடியை நாங்களும் ஒரு தடவை போட்டுப் பார்க்கலாமா?”

அவன் கேட்டதில் தப்பே இல்லை. எங்கள் துறையில் வி.ஆர். என்ற இரண்டு எழுத்துக்கு ‘வால்யூம் ரெண்டரிங்’ என்று பொருள். வர்ச்சுவல் ரியாலிட்டி பிரபலமாவதற்கு வெகு முன்பே ஸ்கேன் அறைக்குள் வந்துவிட்ட பெயர் அது. கண்ணாடி மாட்டுகிற வி.ஆர். வேறு. இரண்டுக்கும் உறவு உண்டு, ஆனால் இரண்டும் ஒன்றில்லை. இதற்கு நடுவே செய்திகளில் ‘வி.ஆர். ஸ்கேன்’, ‘வி.ஆர். மூலம் ஆபரேஷன்’ என்றெல்லாம் வருகிறது. ஏதோ புது மெஷின் வந்திருக்கிறது, அது உடம்புக்குள் இதுவரை தெரியாததையெல்லாம் காட்டிவிடும் என்று நோயாளிகளின் வீட்டார் நம்புகிறார்கள். சிலர் “காசு ஆனாலும் பரவாயில்லை, அதையே எடுத்துடுங்க” என்கிறார்கள்.

அப்படி ஒரு மெஷின் கிடையாது. வி.ஆர். கண்ணாடி உடம்பைப் பார்ப்பதே இல்லை. ஏற்கெனவே எடுத்த ஸ்கேனைத்தான் அது காட்டுகிறது. இது எப்படி என்று அடியிலிருந்து பார்ப்போம்.

## பலாப்பழத்தை அறுக்காமல் அறுப்பது

ஒரு முழுப் பலாப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே முள்தோல். உள்ளே எத்தனை சுளை, எது எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது, கொட்டை எவ்வளவு பெரியது என்று வெளியிலிருந்து சொல்ல முடியாது. எக்ஸ்ரே என்பது அந்தப் பழத்துக்குப் பின்னால் ஒரு விளக்கை வைத்து, முன்னால் விழும் நிழலைப் பார்ப்பது மாதிரி. முன்னால் இருக்கிற சுளை, பின்னால் இருக்கிற சுளை, நடுத்தண்டு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே நிழலாகிவிடும்.

சி.டி. ஸ்கேன் பழத்தைச் சுற்றி வருகிறது. நூற்றுக்கணக்கான திசைகளிலிருந்து நிழல் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறது. பழத்தைக் குறுக்கே வட்டு வட்டாக அரிந்தால் ஒவ்வொரு வட்டும் எப்படி இருக்குமோ, அதைக் கத்தி படாமலே படமாக்கித் தருகிறது. இதற்குத்தான் வெட்டுப்படம் என்று பெயர். 1971 அக்டோபர் 1 அன்று லண்டனின் விம்பிள்டன் பகுதியில் உள்ள ஒரு மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய கருவியில் முதல் நோயாளியின் மூளை இப்படி எடுக்கப்பட்டது. அந்தப் படத்தில் அகலத்துக்கு 80, உயரத்துக்கு 80 என மொத்தம் 6,400 கட்டங்கள்தான். இன்று எங்கள் மெஷின் தரும் ஒரு வெட்டுப்படத்தில் 512-க்கு 512, அதாவது 2,62,144 கட்டங்கள்.

வட்டுக்குக் கனமும் உண்டல்லவா? அதனால் ஒவ்வொரு கட்டமும் உண்மையில் ஒரு குட்டிப் பெட்டி. டைமண்டு கற்கண்டுத் துண்டை இன்னும் பல மடங்கு சின்னதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெட்டிக்கு ‘வாக்சல்’ என்று பெயர். ஒரு நெஞ்சு ஸ்கேனில் 500 வெட்டுப்படங்கள் இருந்தால் கிட்டத்தட்ட 13 கோடி வாக்சல்கள்.

ஒவ்வொரு வாக்சலுக்குள்ளும் என்ன இருக்கிறது? ஒரே ஒரு எண். அந்த இடத்தில் உள்ள பொருள் எக்ஸ்ரே கதிரை எவ்வளவு தடுத்தது என்பதைச் சொல்லும் எண். ஹவுன்ஸ்ஃபீல்ட் பெயரிலேயே அந்த அளவு வழங்குகிறது. தண்ணீருக்கு 0. காற்றுக்கு மைனஸ் 1000. கொழுப்புக்கு மைனஸ் 100-ஐ ஒட்டி. தசைக்கு 50 வாக்கில். கெட்டியான எலும்பு 1000-ஐத் தொடும், தாண்டவும் தாண்டும். ரத்தக்குழாயும் தசையும் ஏறக்குறைய ஒரே எண்ணாக வந்து குழப்பும் என்பதால்தான் கையில் ஊசி போட்டு கான்ட்ராஸ்ட் மருந்து ஏற்றுகிறோம். மருந்து கலந்த ரத்தம் 300 பக்கம் ஏறிவிடும், தனியாகத் தெரியும்.

ஸ்கேனில் நிறம் என்று எதுவுமே இல்லை என்பதை இங்கே கவனித்துக்கொள்ளுங்கள். சிவப்பு ரத்தக்குழாய், வெள்ளை எலும்பு, பழுப்புக் கல்லீரல் எல்லாம் பிற்பாடு நாம் பூசியவை. மெஷின் கொடுத்தது 13 கோடி எண்கள் மட்டும்.

## சுளையை மட்டும் தனியாக எடுப்பது

இனி வட்டுகளை மறுபடி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் முழுப்பழம் திரும்ப வந்துவிடும். ஆனால் முழுப்பழமாக வந்தால் மறுபடியும் முள்தோல்தான் கண்ணில் படும். உள்ளே பார்க்க இரண்டு வழிகள்.

முதல் வழி, வேண்டியதை மட்டும் பிரிப்பது. ஒவ்வொரு வட்டிலும் எது சுளை, எது சடை, எது கொட்டை என்று குறித்து, சுளையை மட்டும் வைத்துக்கொண்டு மீதியைத் தூக்கிவிடுவது. இதற்கு ‘செக்மென்டேஷன்’ என்று பெயர். கம்ப்யூட்டர் பாதி செய்யும். மீதியை ஒரு மனிதர் உட்கார்ந்து, படம் படமாகத் திருத்த வேண்டும். கட்டி ஒன்று கல்லீரலோடு ஒட்டிக் கிடக்கும்போது எல்லை எங்கே என்று முடிவு செய்ய நல்ல அனுபவம் வேண்டும்.

இரண்டாவது வழி, எதையும் தூக்காமல், எண்ணுக்கு ஏற்ப நிறமும் தெளிவும் கொடுப்பது. ‘மைனஸ் எண்கள் எல்லாம் கண்ணாடி மாதிரி மறையட்டும், 50 பக்கம் உள்ளவை லேசான புகை மாதிரி தெரியட்டும், 300 பக்கம் உள்ளவை சிவப்பாக வரட்டும்’ என்று கம்ப்யூட்டருக்குச் சொல்லிவிட்டால், அது பார்வைக் கோடுகளை அந்தப் பெட்டிக் கூட்டத்துக்குள் செலுத்தி, வழியில் படுகிற நிறங்களையெல்லாம் கலந்து ஒரு படம் தரும். இதுதான் வால்யூம் ரெண்டரிங். 1980-களின் பிற்பகுதியில் உருவாகி, இன்று எல்லா சி.டி. மையங்களிலும் அன்றாட வேலையாகிவிட்டது. அந்தப் பையன் கோடு போட்டிருந்த வி.ஆர். இதுவே. சாதா கம்ப்யூட்டர் திரையில், யாரும் எந்தக் கண்ணாடியும் மாட்டாமல் பார்க்கிற படம்.

இந்தக் கட்டத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஏமாறும் இடம் இதுதான். இதயத்தின் கரோனரி ரத்தக்குழாய் சுமார் 3 மில்லிமீட்டர் அகலம். ஒரு வாக்சல் அரை மில்லிமீட்டர். குழாய்ச் சுவரின் மேல் விழுகிற வாக்சலில் பாதி ரத்தம், பாதி வெளித்தசை. ரத்தம் 300, தசை 50 என்றால் அந்தப் பெட்டிக்கு 175 என்று ஒரு நடு எண் வந்து உட்காரும். அது குழாயா, வெளியா? எல்லையை 150 என்று வைத்தால் குழாய்க்குள் சேரும். 200 என்று வைத்தால் வெளியே போய்விடும். இந்தப் பக்கம் ஒரு பெட்டி, அந்தப் பக்கம் ஒரு பெட்டி என மொத்தம் ஒரு மில்லிமீட்டர். 3 மில்லிமீட்டர் குழாயில் ஒரு மில்லிமீட்டர்! மௌஸை லேசாக இழுத்தாலே அடைப்பு இருப்பதும் இல்லாததும் மாறித் தெரியும். அதனால்தான் ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் மருத்துவர், அதாவது நல்ல ரேடியாலஜிஸ்ட் யாரும் வண்ணப் படத்தை மட்டும் பார்த்து அடைப்பு எவ்வளவு என்று எழுத மாட்டார். கறுப்பு வெள்ளை வெட்டுப்படத்துக்குத் திரும்பிப் போய்த்தான் அளப்பார்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஸ்கேன் தருவது எண்கள் நிறைந்த குட்டிப் பெட்டிகள். அதைப் பிரித்தோ நிறம் கொடுத்தோ உருவமாக்குகிறோம். உருவமாக்கும்போது மனித முடிவு உள்ளே நுழைகிறது. கண்ணாடி இன்னும் வரவில்லை.

## கல்யாண மண்டபத்துத் தூண்

ஒரு கண்ணை மூடிக்கொண்டு, கையை நீட்டி, பேனாவுக்கு மூடி போட்டுப் பாருங்கள். தடுமாறும். இரண்டு கண்களுக்கும் நடுவே ஆறு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமான இடைவெளி இருக்கிறது. அதனால் இரண்டிலும் கொஞ்சம் வேறான படங்கள் விழுகின்றன. அந்த வித்தியாசத்தை வைத்துத்தான் எது கிட்டே, எது தூரம் என்று மூளை கண்டுபிடிக்கிறது.

இன்னொன்றும் உண்டு. கல்யாண மண்டபத்தில் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்துவிட்டால் என்ன செய்வோம்? தலையைச் சாய்த்து எட்டிப் பார்ப்போம். சாய்க்கிறபோது தூண் வேகமாக நகர்கிறது, மேடை மெதுவாக நகர்கிறது. அந்த நகர்வு வித்தியாசமும் தூரத்தைச் சொல்கிறது.

கம்ப்யூட்டர் திரையில் எவ்வளவு அழகான வண்ணப் படம் வந்தாலும் இந்த இரண்டும் இல்லை. இரண்டு கண்களுக்கும் அதே படம். தலையைச் சாய்த்தால் திரைதான் சாய்வாகத் தெரியும், கட்டிக்குப் பின்னால் என்ன என்று தெரியாது. மௌஸைப் பிடித்துச் சுழற்றிச் சுழற்றி மனதுக்குள் ஆழத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். வருடக்கணக்கில் செய்தவர்களுக்கு அது கைவந்துவிடும். மற்றவர்களுக்குக் கஷ்டம்.

வி.ஆர். கண்ணாடி, அதாவது ஹெட்செட், இந்த இரண்டையும் திருப்பித் தருகிறது. வலது கண்ணுக்கு ஒரு படம், இடது கண்ணுக்கு சற்றே தள்ளி நின்று பார்த்த இன்னொரு படம். தலை எந்தப் பக்கம் எவ்வளவு திரும்பியது என்று கருவி ஓயாமல் அளந்து, அதற்கேற்ப இரண்டு படங்களையும் புதிதாக வரைகிறது. பல ஹெட்செட்டுகளில் இது நொடிக்கு 90 முறை நடக்கிறது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்தால் நொடிக்கு 180 படங்கள். தலை திரும்பியதற்கும் படம் மாறியதற்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேல் தாமதமானால் தலை சுற்றும், குமட்டும். 13 கோடிப் பெட்டிகளை இந்த வேகத்தில் வரைவது சாமானிய வேலை இல்லை. விளையாட்டுகளுக்காக வந்த கிராஃபிக்ஸ் சிப்புகள் வளர்ந்த பிறகே, 2016 வாக்கில் விற்பனைக்கு வந்த ஹெட்செட்டுகளோடு, இது மருத்துவர்களின் மேஜைக்கு எட்டியது.

ஆசை மட்டும் புதிதில்லை. ரோன்ட்ஜென் எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்தது 1895 நவம்பரில். அடுத்த சில வருடங்களுக்குள்ளேயே, இரண்டு இடங்களிலிருந்து இரண்டு எக்ஸ்ரே எடுத்து, இரண்டு கண்ணாலும் தனித்தனியாகப் பார்க்கும் ஒரு பெட்டியில் வைத்து, உடம்புக்குள் தங்கிய குண்டும் ஊசியும் எவ்வளவு ஆழத்தில் இருக்கின்றன என்று மருத்துவர்கள் பார்த்தார்கள். இந்த விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. முதல் நாளிலிருந்தே நிழலோடு திருப்திப்படாமல் ஆழத்தைத் தேடியிருக்கிறார்கள்.

## உள்ளே போய் நின்றபோது

ஒரு கருத்தரங்கில் எனக்கு ஹெட்செட்டைக் கொடுத்தார்கள். குழந்தை ஒன்றின் இதயம். சி.டி.யிலிருந்து எடுத்தது. அந்த மாதிரி வெட்டுப்படங்களை ஆயிரக்கணக்கில் நானே எடுத்திருக்கிறேன். கண்ணாடியை மாட்டியதும் முன்னால் ஒரு பூசணிக்காய் அளவுக்கு இதயம் மிதந்தது. கையில் இருந்த கருவியை அசைத்தால் ஒரு கண்ணுக்குத் தெரியாத கத்தி அதைக் குறுக்கே வெட்டித் திறந்தது. தலையை உள்ளே நீட்டினேன். வலது கீழறைக்குள் நின்றுகொண்டு இடது பக்கம் பார்த்தால், நடுச்சுவரில் ஓட்டை. அதற்குள் எட்டிப் பார்த்தால் மறுபக்கத்தில் மகாதமனி கிளம்பும் வாய் தெரிந்தது. ‘ஓட்டைக்கும் மகாதமனிக்கும் இவ்வளவு நெருக்கமா’ என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். எண்ணாக அந்தத் தூரம் எனக்கு முன்பே தெரியும். உடம்பால் தெரிந்தது அப்போதுதான்.

அதே நேரம் இன்னொன்றையும் பார்த்தேன். ஒரு வால்வு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை, காலியாக இருந்தது. குழந்தைக்கு வால்வு இல்லாமல் இல்லை. மெல்லிய இதழ், வேகமாக அசைவது, சி.டி.யில் சரியாக விழவில்லை. ஸ்கேனில் விழாதது கண்ணாடியில் எப்படி வரும்?

## ரியோவில் நடந்தது

2022-இல் பிரேசிலின் ரியோ டி ஜெனீரோவில், தலை ஒட்டிப் பிறந்து கிட்டத்தட்ட நான்கு வயதாகியிருந்த இரட்டைச் சகோதரர்களைப் பிரித்தார்கள். ‘வி.ஆர். மூலம் பிரித்தார்கள்’ என்றே பல செய்திகளும் தலைப்பிட்டன. நடந்தது இது: குழந்தைகளின் சி.டி., எம்.ஆர்.ஐ. ஸ்கேன்களிலிருந்து மண்டையோடு, மூளை, ரத்தக்குழாய்கள் எல்லாவற்றையும் தனித்தனியாகப் பிரித்து உருவம் செய்தார்கள். லண்டனின் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனையைச் சேர்ந்த ஓவைஸ் ஜீலானியும் ரியோவில் இருந்த மருத்துவக் குழுவும் ஹெட்செட் மாட்டிக்கொண்டு, கடல் கடந்து ஒரே மெய்நிகர் அறைக்குள் நின்று, எந்தக் குழாயை எந்த வரிசையில் பிரிப்பது என்று மாதக்கணக்கில் ஒத்திகை பார்த்தார்கள். முன்பு நடந்து பலிக்காமல் போன அறுவை முயற்சிகளின் வடு வேறு இருந்தது.

அப்புறம் மேஜையில், கத்தியோடு, கையால்தான் செய்தார்கள். மொத்தம் ஏழு அறுவை சிகிச்சைகள். கடைசி இரண்டுக்கு மட்டும் 33 மணி நேரத்துக்கு மேல். நூறு பேருக்கு அருகில் உழைத்தார்கள். ஒத்திகையின் மதிப்பை நான் குறைக்கவில்லை. தப்பான குழாயை வெட்டினால் உயிர் போகும் இடத்தில், முன்கூட்டியே வெட்டிப் பார்த்துத் தப்பு செய்ய ஓர் இடம் கிடைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனால் அந்த நூறு பேரின் கைகளை விட்டுவிட்டு ஹெட்செட்டுக்கு மட்டும் பெயர் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எங்கே இது உண்மையாக உதவும் என்றும் இதிலிருந்தே தெரிகிறது. பல உறுப்புகள் பின்னிக்கொண்டு, எது எதன் முன்னால், எந்த வழியாகப் போவது என்பதே கேள்வியாக இருக்கும் இடங்களில்: பிறவி இதயக் கோளாறு, மூளையின் அடிப்பக்கக் கட்டி, கல்லீரலில் ரத்தக்குழாய்களை ஒட்டிய கட்டி. ‘என்ன நோய்’ என்ற கேள்விக்கு இது அவ்வளவாக உதவாது. நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடிக்க, இருட்டறையில் நல்ல திரைக்கு முன் உட்கார்ந்து வெட்டுப்படங்களை உருட்டிக்கொண்டே போகும் ரேடியாலஜிஸ்ட்டின் கண்தான் வேண்டும்.

இன்னொரு எல்லையும் உண்டு. ஸ்கேன் என்பது அன்றைக்கு, அந்த நொடியில் எடுத்த படம். மண்டையோட்டைத் திறந்ததும் உள்ளிருக்கும் நீர் கொஞ்சம் வடிந்து, மூளை சில மில்லிமீட்டராவது இடம் மாறி அமர்ந்துவிடும். கல்லீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் மேலும் கீழும் போகும். ஹெட்செட்டுக்குள் இருக்கும் உறுப்பு நகராது, ரத்தம் கசியாது, தொட்டால் மெத்தென்றும் இருக்காது.

## இன்னொரு வி.ஆர்.

குழப்பத்துக்கு மூன்றாவதாக ஒன்று. எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் போகப் பயப்படும் குழந்தைகளுக்குச் சில மருத்துவமனைகளில் ஹெட்செட் மாட்டி, குழாய்க்குள் எப்படி இருக்கும், ‘டக டக’ என்று என்ன சத்தம் வரும் என்று முன்கூட்டியே காட்டுகிறார்கள். பழகிவிட்டால் மயக்க மருந்து இல்லாமலே அசையாமல் படுக்கும். நல்ல காரியம். ஆனால் அதில் குழந்தையின் ஸ்கேன் எதுவும் இல்லை, வெறும் சுற்றுப்புற வீடியோ.

ஆக, யாராவது வி.ஆர். என்றால் மூன்றில் ஒன்று: திரையில் பார்க்கும் வால்யூம் ரெண்டரிங், பயம் போக்கும் வீடியோ, அல்லது ஸ்கேனிலிருந்து செய்த உருவத்துக்குள் ஹெட்செட்டோடு போவது. மூன்றுக்கும் தனியாகக் கதிர்வீச்சு கிடையாது. ஏற்கெனவே எடுத்த ஸ்கேனுக்கு உண்டான கதிர்வீச்சு மட்டுமே.

## ஃபிலிம் போதாது

அந்தப் பையனுக்கு இதையெல்லாம் சொல்லி முடித்ததும் அவன் கவரிலிருந்து பெரிய ஃபிலிமை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். “அப்போ இதை வெச்சே பண்ணலாம் இல்லையா?” முடியாது. ஃபிலிமில் தேர்ந்தெடுத்த சில வெட்டுப்படங்களின் அச்சுதான் இருக்கிறது. அதை போனில் படம் பிடித்து அனுப்பினாலும் பயனில்லை, எண்கள் போய்விட்டன. உருவம் செய்ய மெல்லிய வெட்டுப்படங்கள் முழுவதும், எண்களோடு வேண்டும். அவை ‘டைகாம்’ என்ற கோப்பு வகையில் சேமிக்கப்படும். எந்த நிறுவனத்து மெஷினில் எடுத்தாலும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்க வேண்டும் என்பதற்காக வந்த பொது ஏற்பாடு அது. ஸ்கேன் மையத்தில் கொடுக்கிற டிஸ்க்கில் அதுதான் இருக்கும். ஸ்கேனுக்கும் சி.டி., தகட்டுக்கும் சி.டி. என்பதால் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நான் டிஸ்க் என்றே சொல்லிவிடுகிறேன்.

வீட்டில் கம்ப்யூட்டர் இருந்தால் ‘த்ரீடி ஸ்லைசர்’ என்ற இலவச மென்பொருளில் அதைத் திறந்து பார்க்கலாம், ஹெட்செட்டோடு இணைக்கவும் அதில் வசதி உண்டு. ஆராய்ச்சிக்கும் படிப்புக்கும் ஆனது, அதை வைத்து நீங்களாக வைத்திய முடிவு எடுக்கக் கூடாது. நாளைக்கே வேறு ஊரில், வேறு மருத்துவர் அறுவை சிகிச்சைக்குத் திட்டம் போட வேண்டி வந்தால் முதலில் கேட்பது அந்த டிஸ்க்கைத்தான். பலர் ஃபிலிமைப் பீரோவில் பத்திரமாக வைத்துவிட்டு, டிஸ்க்கை எங்கே போட்டோம் என்றே தெரியாமல் வருவார்கள். மறுபடி ஸ்கேன் என்றால் மறுபடி கதிர்வீச்சு, மறுபடி ஊசி, மறுபடி செலவு.

“உன்கிட்ட டிஸ்க் இருக்கா தம்பி?” என்றேன். கவரைத் தலைகீழாகக் கவிழ்த்தான். ரிப்போர்ட், ஃபிலிம், பில், எங்கள் மையத்தின் நாள்காட்டி அட்டை. உள்பைக்குள் விரலை விட்டுத் துழாவினான். வெள்ளை உறையோடு அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.